காமிக்ஸில் நாயகன் செத்தால் அழுகிறோமா, காத்திருக்கிறோமா?

மேலமாசிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

சூப்பர்மேன் 75ஆம் இதழை மறுபடி எடுத்துப் படித்தேன். 1992 நவம்பரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த இதழ் அது. டூம்ஸ்டே என்ற அரக்கனோடு மெட்ரோபோலிஸ் தெருவில் மோதி, கடைசியில் இரண்டு பேருமே விழுகிறார்கள். எழுதி வரைந்தவர் டான் ஜர்கென்ஸ். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை, அடிதடிதான். ஆனால் கட்டம் பிரித்திருக்கும் விதத்தைப் பாருங்கள். அதற்கு முந்தைய மூன்று பாகங்களும் வேறு வேறு சூப்பர்மேன் இதழ்களில் வந்தவை. ஒன்றில் பக்கத்துக்கு 4 கட்டம், அடுத்ததில் 3, அதற்கடுத்ததில் 2. 75ஆம் இதழில் பக்கத்துக்கு ஒரே படம். முதல் தடவை படிக்கும்போது இது கண்ணில் படாது. ஆனால் பக்கம் புரட்டுகிற வேகம் தானாகக் கூடிவிடும். கடைசி மடிப்பை விரித்தால் காதலி லோயிஸின் கைகளில் சூப்பர்மேன் கிடக்கிறார், கிழிந்த சிவப்பு அங்கி ஒரு கம்பில் மாட்டிப் பறக்கிறது.

வேலைப்பாட்டுக்கு நூற்றுக்கு நூறு. ஆனாலும் எனக்குத் துக்கம் வரவில்லை. "சரி, எப்படித் திரும்பக் கொண்டுவருவார்கள்?" என்ற கணக்குதான் மனசில் ஓடியது. 1993லேயே கொண்டும் வந்துவிட்டார்கள்.

அப்புறம் 1982ல் ஜிம் ஸ்டார்லின் செய்த கேப்டன் மார்வெலின் மரணக் கதையை எடுத்தேன். மார்வெல் நிறுவனம் கிராஃபிக் நாவல் என்று தனிப் புத்தகமாகப் போட்டதில் முதலாவது அதுதான். அதில் சாவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது, திருப்பம் எதுவும் கிடையாது. இருந்தும் முடித்த பிறகு வேறு புத்தகத்தைத் தொட மனசு வரவில்லை.

என் கட்சி இது: சாவு நடக்கிற பக்கத்தில் யாரும் அழுவதில்லை, அங்கே இருப்பது அதிர்ச்சி. அழுகை வருவது அதற்குப் பிறகு, அந்த ஆள் இல்லாமல் மற்றவர்கள் சாப்பிட்டு, வேலைக்குப் போய், ஒரு நாளை ஓட்டுவதைக் காட்டும்போது. திரும்பி வருவார் என்று தெரிந்துவிட்டால் அந்தப் பக்கங்களை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். துக்கம் இருக்கவேண்டிய இடத்தில் காத்திருப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

உங்களுக்கு எப்படி? மறுப்பு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

---

சட்டித்தலை ரசிகன், திருமங்கலம்

அண்ணே, நீங்கள் கட்டம் எண்ணுகிறீர்கள், அவர்கள் காசு எண்ணினார்கள்.

அந்தச் சாவு எப்படி முடிவானது என்று ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கொள்வோம். கிளார்க்குக்கும் (அதாவது சூப்பர்மேனுக்கும்) லோயிஸுக்கும் கல்யாணம் நடத்தத்தான் திட்டம் போட்டிருந்தார்கள். தொலைக்காட்சியில் அந்த ஜோடியை வைத்து ஒரு தொடர் வரப்போகிறது, கல்யாணத்தை அங்கே நடக்கும்போது இங்கேயும் வைத்துக்கொள்ளலாம் என்று மேலிடத்திலிருந்து தள்ளிப்போடச் சொன்னார்கள். ஒரு வருஷக் கதை கையைவிட்டுப் போயிற்று. எழுத்தாளர்கள் கூடும்போதெல்லாம் "பேசாமல் ஆளைக் கொன்றுவிடலாம்" என்று ஜெர்ரி ஆர்ட்வே கிண்டலாகச் சொல்வாராம். இந்தத் தடவை கிண்டலையே கதையாக்கிவிட்டார்கள். கல்யாண மண்டபம் கிடைக்கவில்லை என்று கருமாதிக்குப் பத்திரிகை அடித்த கதை இது.

அப்புறம் அந்தக் கறுப்பு உறை. உள்ளே இதழ், கையில் கட்டிக்கொள்ளக் கறுப்புப் பட்டை, டெய்லி பிளானட் பத்திரிகையில் வந்த மாதிரி ஓர் இரங்கல் செய்தி. 60 லட்சத்துக்கு மேல் விற்றது. வாங்கியதில் பல பேர் உறையைக் கிழிக்கவே இல்லை, பின்னால் விலை ஏறும் என்று அப்படியே பூட்டி வைத்தார்கள். எல்லோரும் பூட்டி வைத்தால் எங்கிருந்து விலை ஏறும்? அடுத்த சில வருஷத்தில் அந்தச் சந்தையே படுத்து, 1996 டிசம்பரில் போட்டிக் கம்பெனியான மார்வெல் திவால் மனு போட்டது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை.

பட்டையையும் சேர்த்து விற்ற துக்கத்துக்கு நான் ஏன் அழவேண்டும்?

---

தெப்பக்குளம் 2கே

அண்ணன்மார்களுக்கு வணக்கம். நான் சினிமா வழியாக உள்ளே வந்தவன். 2019ல் அவெஞ்சர்ஸ் கடைசிப் படத்தில் அயர்ன்மேன் செத்தபோது மதுரையில் தியேட்டரே அமைதியாகிவிட்டது, என் பக்கத்து சீட்டில் இருந்த பையன் விசும்பினான். அதனால் "சாகிற பக்கத்தில் யாரும் அழுவதில்லை" என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனால் சினிமாவில் ஒரு வசதி இருக்கிறது. நடிகருக்கு வயசாகிறது, ஒப்பந்தம் முடிகிறது. அந்த முகம் இனி வராது என்று நம்மால் நம்ப முடிகிறது. காமிக்ஸில் வரைந்தவனுக்கு எங்கே வயசாகிறது? 1962ல் பள்ளிக்கூடம் போன ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கர் இன்னும் இளைஞன்தான். ஆகவே காமிக்ஸில் ஒருத்தர் நிரந்தரமாகச் சாகவேண்டும் என்றால், யாரோ ஒவ்வொரு மாதமும் "இல்லை, கொண்டுவர வேண்டாம்" என்று முடிவெடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அது நடக்கிற காரியமா?

(அந்த அயர்ன்மேன் நடிகரே டாக்டர் டூம் வேஷத்தில் திரும்பி வருகிறார் என்று 2024ல் அறிவித்துவிட்டார்கள். அந்தப் பையனின் கண்ணீருக்கு என்ன பதில் என்று தெரியவில்லை.)

---

உசிலை வாத்தியார்

மேலமாசியாரே, நீங்கள் சொன்னதை இந்த ஊர்க்காரர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். புறநானூறு 242ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். குடவாயிற் கீரத்தனார் பாடியது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் செத்துப்போய்விட்டான். எப்படிச் செத்தான், யார் வேல் பாய்ந்தது, எத்தனை பேரை வெட்டினான், ஒன்றுமே பாட்டில் இல்லை. முல்லைப் பூவைப் பார்த்து ஒரு கேள்வி மட்டும். இளைஞர்கள் உன்னைச் சூடமாட்டார்கள், பெண்கள் பறிக்கமாட்டார்கள், பாணனும் வைத்துக்கொள்ளமாட்டான், பாடினியும் சூடமாட்டாள், சாத்தன் போன பிறகு நீ ஏன் இந்த நாட்டில் பூத்தாய் என்கிறார். சண்டைக் காட்சியை விட்டுவிட்டு மறுநாள் காலையைப் பாடியிருக்கிறார். உங்கள் 'அடுத்த பக்கம்' இதுதானே?

இன்னொன்று. ஆண்டிபட்டிப் பக்கம் வைகைக் கரையில் புலிமான்கோம்பை என்றொரு ஊர். 2006ல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தமிழி எழுத்து வெட்டிய நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். 2,000 வருஷத்துக்கு மேல் பழையவை. அதில் ஒன்று, கூடல் ஊரில் மாடுகளைக் கவர நடந்த சண்டையில் செத்த தீயன் அந்தவன் என்பவனுக்கு வைத்த கல். பெயர், ஊர், என்ன சண்டை, அவ்வளவுதான் எழுத்து. அவன் திரும்பி வருவான் என்று யாரும் கல் நடவில்லை. வரமாட்டான் என்பதால்தான் நட்டார்கள்.

நம் ஆட்களுக்குச் செத்த வீரன் பழக்கமானவன். செத்துத் திரும்பி வருகிற வீரன்தான் புதுசு.

---

கீழவாசல்

வாத்தியார் சார், மதுரை வீரனை விட்டுவிட்டீர்களே? மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தவர். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துப் பக்கம் இன்றைக்கும் சாமியாக நிற்கிறார். அம்மன் அருளால் வெட்டிய கையும் காலும் திரும்ப வந்தும், "போதும் இந்த உயிர்" என்று அவரே முடித்துக்கொண்டதாகக் கதை சொல்பவர்கள் உண்டு. அதாவது திரும்பி வருகிற வாய்ப்பு கிடைத்தும் வேண்டாம் என்றவர். இந்த ஒரு விஷயத்தை எந்த அமெரிக்க சூப்பர்ஹீரோவும் செய்ததாக நான் படித்ததில்லை.

1956ல் எம்.ஜி.ஆர். நடித்த படத்திலும் வீரன் சாகிறான். படம் சக்கைப் போடு போட்டது. எம்.ஜி.ஆர். செத்தால் படம் ஓடாது என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

---

சட்டித்தலை ரசிகன், திருமங்கலம்

கீழவாசல் அண்ணே, அது சாமி கதை. கதை தெரிந்தேதான் ஜனம் டிக்கெட் எடுத்தது. கடைசியில் சாமி ஆகிறார் என்பது தெரியாமல் மதுரையில் யார் இருந்திருப்பார்? அதனால் அதை நிரந்தரச் சாவில் சேர்க்கமாட்டேன், பதவி உயர்வில் சேர்ப்பேன்.

---

பைபாஸ் ரோடு அக்கா

இழையை முதலிலிருந்து படித்தேன். கேப்டன் மார்வெலைப் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று பார்த்தால் எல்லோரும் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். நான் நர்ஸ். பல வருஷமாகப் புற்றுநோயாளிகளோடு வேலை. சூப்பர்ஹீரோ கதைகள் எனக்கு ஒத்துவராது. என் தம்பி வற்புறுத்தி இந்த ஒரு புத்தகத்தைக் கொடுத்தான்.

கதை தெரியாதவர்களுக்கு: முன்பு நடந்த ஒரு சண்டையில் விஷ வாயு வெளியேறுகிறது. அதை அடைக்கப்போய் இவர் சுவாசித்துவிடுகிறார். அந்தப் பழைய கதை வந்தது 1974ல். எட்டு வருஷம் கழித்து வந்த இந்தப் புத்தகத்தில் அது புற்றுநோயாகத் தலைதூக்குகிறது. எனக்கு இதுவே சரியாகப் பட்டது. பீடி ஆலையிலோ சாயப்பட்டறையிலோ எப்போதோ பட்டது, மறந்தே போன பிறகு வந்து கதவைத் தட்டும். சண்டையில் ஜெயித்தவர்தான் அவர். ஜெயித்த சண்டைதான் கொல்கிறது.

முதல் பக்கங்களில் அவர் ஒரு கருவியில் தன் வாழ்க்கைக் கதையைப் பேசிப் பதிவு செய்துகொண்டிருக்கிறார். இதை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். செல்போனில் பேத்திக்காகப் பேசி வைப்பார்கள். நாம் உள்ளே போனதும் நிறுத்திவிட்டு, "சும்மா பாட்டு கேட்டேன்" என்பார்கள்.

அவர் கையில் போட்டிருக்கிற வளையங்கள்தான் நோயைப் பரவவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. அதே வளையங்கள்தான் வைத்தியத்தையும் வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. அவருடைய பலமே அவருக்கு எதிராக நிற்கிறது. இதை எழுதியவர் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தவராகத்தான் இருக்கவேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன். ஸ்டார்லினின் அப்பா புற்றுநோயில் இறந்தவர் என்று அப்புறம்தான் அவன் சொன்னான்.

பெரிய மூளைக்காரர்கள் எல்லோரும் கூடி மருந்து தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. கூடவே இருந்த ரிக் ஜோன்ஸ் என்ற பையன் கோபப்பட்டுக் கத்திவிட்டுப் போய்விடுகிறான். பிறகு திரும்பி வந்து பக்கத்தில் உட்காருகிறான். எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருத்தர் உண்டு. டாக்டரைத் திட்டுவார், எங்களைத் திட்டுவார், நோயாளியையே திட்டுவார். கடைசி ராத்திரி அவர்தான் தூங்காமல் இருப்பார். பார்க்க வரும் வீரர்களைக் கவனியுங்கள். மலையைப் பெயர்க்கிறவர்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். ஸ்பைடர்மேனால் அங்கே நிற்கவே முடியவில்லை, வெளியே போய்விடுகிறார். நம் ஊரில் அந்தச் சங்கடத்துக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

அப்புறம் ஸ்க்ரல்கள். காலமெல்லாம் அவரோடு சண்டை போட்ட எதிரி இனம். அவர்களுடைய தளபதி ஒருவன் வந்து தங்கள் இனத்தின் வீரப் பதக்கத்தை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

கடைசியில் மயக்கத்தில் பழைய எதிரி தானோஸோடு ஒரு சண்டை நடக்கிறது. இத்தனை பக்கம் உண்மையாக எழுதிவிட்டு எதற்கு மறுபடி அடிதடி என்று முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தால், ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவருக்குக் கடைசிக் கனவும் அப்படித்தானே வரும்? ரிட்டயர்டு பஸ் டிரைவர் ஒருவர் கடைசி இரண்டு நாளும் ஸ்டியரிங் பிடித்தபடியே கையை அசைத்துக்கொண்டிருந்தார்.

மேலமாசி அண்ணனுக்கு ஒரு மறுப்பு. நீங்கள் சாவுக்கு 'அடுத்த பக்கம்' என்கிறீர்கள். இந்தப் புத்தகத்தில் அடுத்த பக்கமே கிடையாது. அவர் போய்விட்டார் என்று ஒரு வரி சொல்கிறார்கள், முடிந்தது. அழவைப்பது அதற்கு முந்தைய பக்கங்கள்.

---

மேலமாசிக்காரன்

அக்கா, நல்ல அடி. ஆனால் விட்டுக்கொடுக்கமாட்டேன். அந்தப் புத்தகத்துக்கு அடுத்த பக்கம் வெளியே இருக்கிறது. 1982க்குப் பிறகு எத்தனை தலைமுறை எழுத்தாளர்கள் வந்துபோனார்கள். அவரைக் கையோடு திரும்பக் கொண்டுவந்திருக்கலாம். நிரந்தரமாகக் கொண்டுவரவில்லை. 2007ல் ஒரு தடவை திரும்பி வந்த மாதிரி காட்டினார்கள். கடைசியில் பார்த்தால் அது அவர் வேஷத்தில் இருந்த ஸ்க்ரல். 'கேப்டன் மார்வெல்' என்ற பட்டப்பெயரை வேறு வேறு பேர் சுமந்தார்கள், இன்றைக்குப் படம் பார்க்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் என்றால் கேரல் டேன்வர்ஸ்தான். தெப்பக்குளம் தம்பி கேட்டாரே, மாதாமாதம் 'வேண்டாம்' என்று யாராவது முடிவெடுத்துக்கொண்டே இருப்பார்களா என்று? இந்த ஓர் ஆள் விஷயத்தில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. நோயில் செத்தவரை எழுப்பக் கை கூசியிருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கம் எக்ஸ்மென் குழுவின் ஜீன் கிரே. 1980ல் எக்ஸ்மென் 137ஆம் இதழ். ஃபீனிக்ஸ் என்ற அண்டச் சக்தி தலைக்கேறி ஒரு நட்சத்திரத்தை விழுங்கிவிடுகிறாள், அதைச் சுற்றிய உலகில் 500 கோடி உயிர்கள் போய்விடுகின்றன. முதலில் போட்ட முடிவில் அவளுடைய சக்தியைப் பறித்துவிட்டு உயிரோடு விடுவதாக இருந்தது. தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை, 500 கோடிக் கொலைக்கு இவ்வளவுதான் தண்டனையா என்று கேட்டார். அதனால் நிலவில் அவளே தன் முடிவைத் தேடிக்கொள்கிறாள். காமிக்ஸில் அவ்வளவு நியாயமான சாவு குறைவு.

1986ல் என்ன செய்தார்கள்? செத்தது ஜீனே இல்லையாம், அவளைப் போல உருவெடுத்த சக்தியாம். நிஜ ஜீன் நியூயார்க் பக்கம் கடலடியில் ஒரு கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாளாம். அவள் திரும்பி வந்ததில் எனக்கு வருத்தமில்லை. குற்றத்தை உணர்ந்து உயிரைவிட்ட அந்தப் பெண் யார் என்பதுதான் கேள்வி. அவளைக் கதையிலிருந்தே அழித்துவிட்டார்கள். சாகும்போது ஒரு தடவை, திரும்பும்போது இன்னொரு தடவை.

கோஸ்ட் சிட்டி (Coast City) என்ற ஊரையும் சொல்லாமல் விட முடியாது. சூப்பர்மேன் திரும்பி வருகிற அதே 1993 கதையில் அந்த ஊரையே அழிக்கிறார்கள், 70 லட்சம் பேர். அந்த இதழுக்குக் கறுப்புப் பட்டை கிடையாது. அந்த ஊர்க்காரனான பச்சை விளக்கு (கிரீன் லாண்டர்ன்) நாயகன் ஹால் ஜோர்டன் ஒருவன்தான் பித்துப் பிடித்துப்போனான். அவனையும் அதற்கப்புறம் வில்லனாக்கிவிட்டார்கள்.

---

சட்டித்தலை ரசிகன், திருமங்கலம்

அக்கா எழுதியதற்குப் பிறகு சூப்பர்மேனின் கறுப்பு உறையைப் பற்றிப் பேசவே ஒரு மாதிரி இருக்கிறது. இருந்தாலும் ஒன்று. எல்லாப் பழியையும் கம்பெனி மேலேயே போடுகிறோம். 1988ல் பேட்மேனின் கூட்டாளியான இரண்டாவது ராபின் ஜேசன் டாட்டைக் கொன்றது யார்? வாசகர்கள். ஜோக்கர் அவனைக் கம்பியால் அடித்து, குண்டும் வெடித்துவிட்டது. பிழைக்கவேண்டுமா, சாகவேண்டுமா, போன் போட்டுச் சொல்லுங்கள் என்று இரண்டு நம்பர் கொடுத்தார்கள். ஒரு அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் 5,343. பிழைக்கட்டும் 5,271. வித்தியாசம் 72 ஓட்டு. நம் ஊர் வார்டு தேர்தல் மாதிரி. மறு எண்ணிக்கைகூட யாரும் கேட்கவில்லை.

2005ல் அவனும் எழுந்து வந்துவிட்டான், செம கோபத்தோடு. காமிக்ஸில் திரும்பி வந்ததற்கு உருப்படியான காரணம் இருந்தது அவனுக்கு ஒருத்தனுக்குத்தான். தன்னைக் கொன்றவனை பேட்மேன் இன்னும் உயிரோடு விட்டு வைத்திருக்கிறாரே என்பதுதான் அவன் கேள்வி. நியாயமான கேள்வி.

---

பழைய சரக்கு

ராணி காமிக்ஸ் 80 புத்தகம் நல்ல நிலையில் இருக்கிறது. வேண்டுபவர்கள் தனிச்செய்தியில் வரவும்.

இழைக் காவலர்

விற்பனைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போடுங்கள். மற்றவர்கள் தொடரலாம்.

---

புதூர் மஞ்சள் சட்டை

பழைய சரக்கு போட்டதும் நல்லதுக்குத்தான். இத்தனை நேரம் அமெரிக்கச் சாவையே பேசிக்கொண்டிருந்தோம். நமக்கு அது வந்து சேர்ந்ததே பிற்பாடு. 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. 1984ல் லயன் காமிக்ஸ், மாடஸ்டி என்ற சாகச நாயகியோடு. அதே வருஷம் ராணி காமிக்ஸ். புது மண்டபத்துப் பக்கமும் வாடகை நூலகங்களிலும் நாம் தேடித் தேடிப் படித்த ஆட்களில் யார் செத்தார்கள்? மாயாவி செத்தாரா? கூர்மண்டையர் ஸ்பைடர் செத்தாரா? (ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். நம்மில் பாதிப் பேருக்கு சூப்பர்மேனைவிட அவருடைய கூர்மண்டையர்தான் நெருக்கம்.)

யாரும் சாகவில்லை. கதை தீர்ந்துபோனது, அவ்வளவுதான். இங்கிலாந்தில் அந்த வார இதழ்கள் நின்றன, அங்கே எழுதுவது நின்றது, இங்கே மறுபதிப்பு தொடங்கியது. மாயாவி மின்சாரம் பாய்ந்து மறைவார், கை மட்டும் தெரியும். அதே கதை மறுபடி வரும், மறுபடி வாங்குவோம். ராணி காமிக்ஸ் 2005ல் நின்றது. அதற்குக் கறுப்புப் பட்டை யார் கொடுத்தார்கள்? கடையில் கேட்டால் "வரலப்பா" என்பார்கள். அடுத்த தடவையும் "வரலப்பா". எத்தனையாவது "வரலப்பா"வில் ஒரு ஆள் செத்ததாக எடுத்துக்கொள்வது? எனக்கு சூப்பர்மேன் சாவைவிட இது வலித்தது. உடம்பு கிடைக்காத சாவு.

மாடஸ்டி கணக்கு இன்னும் விசித்திரம். நாம் இளவரசி என்று கூப்பிடுகிற அவளை உருவாக்கிய பீட்டர் ஓடானலே 1996ல் வந்த கடைசிச் சிறுகதைத் தொகுப்பில் அவளையும் கூட்டாளி வில்லி கார்வினையும் கொன்றுவிட்டார். வேறு யாரும் எழுதிக் கெடுத்துவிடக் கூடாது என்று முடித்தார் என்பது என் ஊகம். ஆனால் பத்திரிகையில் வந்த படத்தொடரை அவரே 2001 வரை எழுதினார். கதையில் செத்தவள் கட்டத்தில் ஐந்து வருஷம் உயிரோடு இருந்தாள். நான் அந்தச் சிறுகதையைப் படிக்கவில்லை, படிக்கவும் போவதில்லை. என் அலமாரியில் அவள் உயிரோடுதான் இருக்கிறாள். மேலமாசியார் இதற்கு என்ன சட்டம் சொல்வார்?

நிரந்தரச் சாவு ஒன்றாவது வேண்டும் என்றால், லிலித். கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரின் மனைவி, நவஹோ பெண், அம்மை நோயில் போனவள். நோய்க் கிருமி ஏறிய கம்பளிகளைச் செவ்விந்தியர்களுக்கு விற்ற பாவிகளால் வந்த அம்மை. இத்தாலியில் 1948லிருந்து டெக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் திரும்பவில்லை, மஞ்சள் சட்டைக்கார டெக்ஸ் மறுமணமும் செய்யவில்லை. மகன் கிட் பக்கத்தில் குதிரையில் வருகிறான். யாரும் அவளைப் பற்றிப் பெரிதாகப் பேசுவதில்லை. எத்தனையோ கதை தாண்டி ஒரு கட்டத்தில் அவள் பெயர் வந்தால், நமக்கு அந்த இடத்தில் ஒரு நிமிஷம் ஆகும். சூப்பர்ஹீரோ இல்லைதான், தெரியும். ஆனால் எழுதுகிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தும் அவளை யாரும் எழுப்பவில்லை.

---

உசிலை வாத்தியார்

புதூராரே, அப்படியானால் வேதாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராணி காமிக்ஸில் மாயாவி என்ற பெயரில் படித்தோமே, அதே ஃபாண்டம் (இரும்புக்கை மாயாவி வேறு). 1936ல் லீ ஃபால்க் தொடங்கியது. 1536லிருந்து அப்பாவுக்குப் பின் மகன், இப்போதிருப்பவர் 21ஆவது ஆள். காட்டு மக்களுக்கு அவர் சாவே இல்லாதவர். மண்டையோட்டுக் குகைக்குள் முன்னோர்கள் வரிசையாகப் புதைக்கப்பட்டிருப்பது அவர் வீட்டாருக்கும் நெருங்கிய சிலருக்கும் வாசகருக்கும்தான் தெரியும். 20 நாயகர்கள் நிரந்தரமாகச் செத்திருக்கிறார்கள், ஊர் ஒரு தடவைகூட அழவில்லை. துக்கம் முழுவதையும் மகன் ஒருவனே தூக்கிக்கொண்டு, அன்றைக்கே முகமூடியையும் மாட்டிக்கொள்ளவேண்டும். சின்ன வயதில் இதை நான் யோசித்ததே இல்லை. குதிரையையும் ஓநாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

---

புதூர் மஞ்சள் சட்டை

அட, ஆமாம். அந்த மகன் அழுவதற்கு ஒரு கட்டம் கொடுத்திருக்கலாம்.

---

தெப்பக்குளம் 2கே

அக்கா சொன்ன கேப்டன் மார்வெல் புத்தகத்தை ஒரு நண்பனிடம் வாங்கிப் படித்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: சாகிற இடத்தில் எனக்குக் கண் கலங்கவில்லை. அவரை எனக்கு முன்னால் தெரியாது. பழைய கதைகளின் சுருக்கத்தை அவர் சொல்லிக்கொண்டு போகும்போது வேறு யாரோ வீட்டு ஆல்பம் பார்க்கிற மாதிரி இருந்தது. அடுத்த ஸ்பைடர்மேனான மைல்ஸ் மொராலஸ் கதைக்கு முன்னால் 2011ல் 'அல்டிமேட்' என்ற தனி வரிசையின் ஸ்பைடர்மேன் பீட்டர் செத்தானே, பென் மாமாவைக் காப்பாற்ற முடியவில்லை, மே அத்தையைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போவான், அது என்னை ஒரு வாரம் படுத்தியது. அவனோடு 160 இதழ் வாழ்ந்திருந்தேன். மூணு வருஷத்தில் அவனையும் எழுப்பிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். எழுப்பினாலும் அந்த ஒரு வாரத்தை என்னிடமிருந்து திரும்ப வாங்க முடியாது அண்ணே. அதனால் 'நிரந்தரம்' அவ்வளவு முக்கியமா என்றே எனக்குச் சந்தேகம்.

ஆனால் கேப்டன் மார்வெலில் ஒரு இடம் பிடித்துக்கொண்டது. அந்த ஸ்க்ரல் தளபதி பதக்கம் கொடுக்கிற இடம். நண்பர்கள் வருவது சரி, எதிரி எதற்கு வருகிறான்?

---

பைபாஸ் ரோடு அக்கா

கோபம் ஒன்றுமில்லை தம்பி. முன்பின் தெரியாத நோயாளிக்கு நாங்களும் அழுவதில்லை. எதிரி ஏன் வந்தான் என்று கேட்டாயே, வருவார்கள். வாய்க்கால் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த பங்காளி ஒருவர் வார்டு வாசல்வரை வந்து, உள்ளே வராமல், மருந்துச் செலவுக்கு என்று என் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

---

சட்டித்தலை ரசிகன், திருமங்கலம்

பதக்கம் சரி அக்கா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஸ்க்ரல் கூட்டம் அப்புறமும் பூமியைப் பிடிக்க வந்தது. அதே கேப்டன் மார்வெலின் முகத்தைப் போட்டுக்கொண்டுதான் ஓர் ஆளை அனுப்பினார்கள் என்று மேலமாசியாரே மேலே எழுதியிருக்கிறார். உங்கள் பங்காளியும் வாய்க்காலை விட்டுக்கொடுத்தாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.